எண்டோ ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

சிப்புட்_கிராணி

வணக்கம். நான் மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். வயது 27, கல்யாணம் ஆகவில்லை. ஒரு செம்பனை ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை. அம்மா 22 வருடம் பால்மரம் வெட்டியவர், இப்போது தோட்டத்தை விட்டு வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம்.

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதிலிருந்து, மாதவிடாய் வலியில், மாதத்தில் மூன்று நாள் நான் மனுஷியாக இருப்பதில்லை. குசினித் தரையில், அந்தச் சிமெண்டுக் குளிர்ச்சியில் ஒருக்களித்துப் படுத்தால்தான் கொஞ்சம் தாங்கும். பள்ளிக்கூடக் காலத்தில் போன்ஸ்டான் என்ற வலி மாத்திரை, வேலைக்கு வந்தபிறகு போன்ஸ்டானும் எம்.சி.யும் (மருத்துவ விடுப்பு). சட்டப்படி எனக்குள்ள 18 நாள் எம்.சி. ஆகஸ்ட் வருவதற்குள் தீர்ந்துவிடும், அப்புறம் சம்பளத்தில் வெட்டு. "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று சொல்லாத ஆள் எங்கள் வரிசையில் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் நிற்கக்கூட முடியாமல் எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடல்வால் என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் செய்தால் இடது சினைப்பையில் 6 சென்டிமீட்டரில் சாக்லேட் கட்டி (பழைய இரத்தம் தேங்கிய கட்டி). எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு மாதிரியான சதை கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய், சுருக்கமாக எண்டோ) என்ற சொல்லையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

இப்போது கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள், அடுத்த மாதம் லேப்ரோஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்). போன வாரம் டாக்டர் பார்த்து முடித்ததும் வேறொரு மிஸ்ஸி (தாதி) தனி அறைக்குக் கூப்பிட்டு, ஆய்வில் சேர்கிறாயா என்று கேட்டு இரண்டு கட்டுக் காகிதம் கொடுத்தார். ஒன்று, ஆபரேஷனில் எப்படியும் எடுக்கப்போகிற கட்டியிலிருந்து ஒரு துணுக்கு, இரண்டு குழாய் இரத்தம், கூடவே ஒரு பெரிய கேள்வித்தாள். இன்னொன்று, ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் புது மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு. ஆறு மாதம். அதில் சிலருக்கு உண்மையான மாத்திரை, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையாம், யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

அம்மா காகிதத்தைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான், "உன்னை வச்சு சோதனை பண்ணப் போறாங்களா?" எனக்கும் பதில் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டுவிடுவார்களா? கல்யாணம் ஆகாததால் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டுமா? பெயர் வெளியே போகுமா? எங்கள் ஊர் சின்ன ஊர், ஒரு வரன் வேறு பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கெத்து_மச்சான்

போடாதீங்க சிஸ்டர். மருந்துக் கம்பெனி காசு பார்க்கிறதுக்கு நம்ம ஜனங்கதான் எலி. பணக்காரன் வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுவானா?

கம்பார்_அக்கா

மச்சான், உங்களுக்கு வயிற்றுவலி வந்தால் சாப்பிடுகிற மாத்திரையை யாரோ ஒருவர் முதலில் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார், அதை மறந்துவிட வேண்டாம்.

தங்கச்சி, நான் மாத்திரை ஆய்வில் இருந்தவள். அப்போது எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீ முடிவு செய்துகொள்.

முதலில் சேர்ப்பதற்கே ஒரு வடிகட்டல் உண்டு. இரத்தம், ஸ்கேன், எலும்பு ஸ்கேன் (ஈஸ்ட்ரோஜனை இறக்குகிற மருந்து என்பதால் எலும்பு தேயுமா என்று பார்க்க), எல்லாவற்றுக்கும் மேல் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹார்மோன் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பழைய மருந்து உடம்பை விட்டுப் போனால்தான் புது மருந்தின் வேலை தெரியுமாம். நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு மாதம் இருக்கிறதே, மொத்த ஆய்விலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஊசியோ மாத்திரையோ இல்லை, அதுதான். அடக்கி வைத்திருந்த வலி முழுதாகத் திரும்பி வந்தது. காகிதத்தில் அது ஒரே ஒரு வரியாக இருந்தது, நான் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். நீ தாண்டாதே. அவசரத்துக்கு வலி மாத்திரை தருவார்கள், அதையும் எண்ணித்தான் தருவார்கள்.

அப்புறம் தினமும் இரவு எட்டு மணிக்குக் கைப்பேசி அடிக்கும். இன்றைய வலி 0 முதல் 10க்குள் எத்தனை? முதல் வாரம் எனக்குக் கோபம்கூட வந்தது, வலிக்கு எங்கே எண் இருக்கிறது! 7 போடுவதா 8 போடுவதா என்று எத்தனையோ இரவு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது மாதத்தில்தான் புரிந்தது, இத்தனை வருடத்தில் என் வலியை ஒருவர் தினமும் கேட்பது இதுதான் முதல்முறை.

ஒவ்வொரு தடவை போகும்போதும் காலியான மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். மிஸ்ஸி பேனா நுனியால் ஒவ்வொரு குழியாகத் தொட்டு எண்ணுவார். ஒருமுறை இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது, தீபாவளி அலைச்சலில் மறந்துவிட்டேன். வீட்டிலேயே பிதுக்கிச் சிங்கியில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன், வெட்கம். நல்லவேளை போடவில்லை. "மறந்தேன்னு சொன்னா எழுதிக்குவேன், பொய் சொன்னா கணக்கே கெட்டுப் போயிடும்" என்றார் அந்த மிஸ்ஸி. போகிற ஒவ்வொரு தடவையும் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு, என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்த மாதங்களில்கூட. சிரிப்புத்தான் வந்தது, ஆனால் விதி விதிதான். போக்குவரத்துக்கு ரசீது வைத்தால் பணம் திரும்பக் கொடுத்தார்கள். எம்.சி. மட்டும் தரவில்லை, வந்துபோன நேரத்தைக் குறித்த டைம் ஸ்லிப்தான். உன் வேலையிடத்தில் டைம் ஸ்லிப்பை மதிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள், என் வருட லீவு பாதி அதில் போனது.

முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்கள், எனக்குக் கிடைத்தது வெறும் மாத்திரை. இதில் வேடிக்கை, எனக்கு வலி 8லிருந்து 5க்கு இறங்கியிருந்தது. என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு "அப்ப இத்தன வருஷம் நடிச்சியா" என்றாரே பார்க்கலாம்.

ஆய்வு முடிந்ததும் மருந்தும் முடிந்தது, விசாரிப்பும் முடிந்தது. ஆறு மாதம் தினமும் கேட்டவர்கள் ஏழாவது மாதம் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆய்வு_மிஸ்ஸி

நான் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறவள், உங்கள் ஆஸ்பத்திரி இல்லை, உங்கள் ஆய்வும் இல்லை. அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் கம்பார் அக்காவின் மாமியாருக்குப் பதில். எலகோலிக்ஸ் என்று ஒரு மாத்திரை, எண்டோ வலிக்காக அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்றது. அதற்கு முன் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் ஏறக்குறைய 1,700 பெண்கள் இருந்தார்கள், ஏழு பேரில் மூன்று பேருக்கு வெறும் மாத்திரை. மூன்று மாதத்தில், அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மாதவிடாய் வலி நன்றாகக் குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் குறைந்தது. அந்த ஐந்தில் ஒருவர் யாரும் நடிக்கவில்லை. வலி தானாக ஏறி இறங்கும், அக்கறையாகக் கவனிக்கப்பட்டாலே உடம்பின் இறுக்கம் கொஞ்சம் தளரும். இந்தப் பங்கைக் கழித்துப் பார்த்தால்தான் மருந்து உண்மையில் என்ன செய்தது என்று தெரியும். வெறும் மாத்திரை கொடுப்பது ஏமாற்றுவதற்காக இல்லை, இதற்காகத்தான்.

இனி தங்கச்சியின் கேள்விகள். வேண்டாம் என்று சொன்னால் ஆபரேஷன் தேதி மாறக்கூடாது. சிகிச்சை வேறு, ஆய்வு வேறு. சேர்ந்தபிறகு பாதியில் விலகினாலும் அப்படித்தான், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இது யாரோ பெருந்தன்மையாகக் கொடுக்கும் சலுகை இல்லை, 1964 ஹெல்சின்கி பிரகடனத்திலிருந்து வருகிற விதி, மலேசியாவின் நல்ல மருத்துவ ஆய்வு நெறிமுறையிலும் இருக்கிறது. நீங்கள் 18 தாண்டியவர், உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். அம்மாவோ நாளைக்கு வரப்போகிற கணவரோ கையெழுத்துப் போடத் தேவையில்லை. அம்மாவிடம் கலந்து பேசுவது வேறு விஷயம், அதற்காகத்தான் காகிதத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது. அங்கேயே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கப் பார்த்தால், அன்றைக்குப் போடாதீர்கள்.

காகிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது நெறிமுறைக் குழுவின் அனுமதி. சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரி என்றால் எம்.ஆர்.இ.சி. (அமைச்சின் நெறிமுறைக் குழு) என்று இருக்கும், பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளுக்குச் சொந்தக் குழு இருக்கும். அமைச்சு ஆய்வுகளுக்கு என்.எம்.ஆர்.ஆர். (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணும் உண்டு. குழுவின் தொலைபேசி எண் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும், அது அலங்காரத்துக்கு இல்லை, கூப்பிட்டுக் கேட்கலாம். இன்னும் பதிவாகாத மருந்தாக இருந்தால் அதை ஆய்வுக்காக நாட்டுக்குள் கொண்டுவர மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் உரிமமும் வேண்டும். ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் யார் செலவு செய்வார்கள், காப்புறுதி உண்டா என்று ஒரு பத்தி இருக்கும், அதைக் கண்டிப்பாகப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். நிறையப் பேர் நகலை வாங்காமலே போய்விடுகிறார்கள், நான் கார் நிறுத்துமிடம் வரை ஓடிப்போய்க் கொடுத்திருக்கிறேன்.

பெயர் விஷயம். இரத்தக் குழாயில் உங்கள் பெயர் இருக்காது, ஓர் எண் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆய்வு டாக்டரிடம் பூட்டில் இருக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் உங்கள் கோப்பைப் பார்க்கலாம், அவர்களும் வெளியே சொல்லக்கூடாது. சிப்புட்டில் இருக்கும் வரன் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, நீங்கள் சொன்னாலொழிய.

இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து. உங்களிடம் கொடுத்திருக்கும் இரண்டு கட்டும் ஒன்றல்ல. முதலாவதில் உங்கள் சிகிச்சை மாறுவதில்லை, எடுத்து எறியப்போகிற சதையில் கொஞ்சம் போகிறது. இரண்டாவது உங்கள் ஆறு மாத வாழ்க்கையைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்யத் தேவையில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வலி எப்படி இருக்கிறதென்று தெரியாமல் இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லவும் முடியாது.

ரப்பர்_விதை

ஆய்வு மிஸ்ஸி சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஒரு மனக்குறையைக் கொட்டிவிட்டுப் போகிறேன். நானும் துணுக்கு கொடுத்தவள். கேள்வித்தாள் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது, முதல் மாதவிடாய் எந்த வயதில், மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, தோளில் வலி வருமா, அம்மாவுக்கு இருந்ததா, அக்கா தங்கைக்கு இருந்ததா. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். நான்கு வருடம் ஆகிறது, ஒரு மெசேஜ் இல்லை. முடிந்ததா, நின்றுபோனதா, என் சதை இன்னும் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அதனால் தங்கச்சி, முடிவை எனக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் மறுபடி கூப்பிட்டால் போவேனா என்றால், போவேன். காரணம் சொல்கிறேன். 2023இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வைப் பற்றிப் படித்தேன். எண்டோ உள்ள 60,674 பெண்கள், இல்லாத 7 லட்சம் பேர், இந்த நோயோடு தொடர்புள்ள 42 இடங்களை மரபணுவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அதில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியும் கிழக்காசிய வம்சாவளியும். நம்ம இரத்தம் அந்தக் கணக்கில் இல்லை. இந்தியாவில் மும்பையிலுள்ள தேசிய இனப்பெருக்க, குழந்தை நல ஆய்வு நிறுவனம் இப்படி ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, நல்ல விஷயம். இங்கே நூறு வருடத்துக்கும் மேலாக ரப்பரிலும் செம்பனையிலும் கிடக்கிற நம் பெண்கள் கொடுத்தால்தானே நம்மைப் பற்றியும் எழுதுவார்கள். கெத்து மச்சான் சொன்ன எலிக் கணக்கில் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும், எலியாகக்கூட நம்மைக் கூப்பிடாத காலம் ஒன்று இருந்தது.

கெத்து_மச்சான்

சரி சரி, நான் வாயைத் திறக்கல.

சிப்புட்_கிராணி

எல்லாருக்கும் நன்றி, மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆலைக் கேண்டீனில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். முதல் கட்டுக்குப் போடலாம் என்றுதான் மனம் சொல்கிறது.

ஆனால் ரப்பர் விதை அக்கா கேள்வித்தாள் என்றதும் நினைவு வந்தது, நேற்று அதைப் புரட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு பக்கம் முழுக்க உடலுறவின்போது வலி பற்றி. எப்போதிலிருந்து, எந்த மாதிரி வலி, மறுநாளும் இருக்குமா என்று. அம்மா என்னோடுதான் வருவார், பக்கத்திலேயே உட்காருவார். முன்பு ஸ்கேன் எடுக்கும்போதே "கல்யாணம் ஆயிடுச்சா" என்று மிஸ்ஸி கேட்க, இல்லை என்றதும் வயிற்றின்மேல் வைத்துத்தான் பார்த்தார்கள், உள்ளே விட்டுப் பார்ப்பது அப்புறம் என்றார்கள். அதற்கே அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. எனக்கு முன்பு ஒருவரோடு பழக்கம் இருந்தது, அது அம்மாவுக்குத் தெரியாது. பொய் எழுதினால் ஆய்வு கெடும், உண்மை எழுதினால் வீடு கெடும். என்ன செய்வது?

கம்பார்_அக்கா

அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிடு. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கேள்வித்தாள் எடுக்கும்போது தனியாக இருக்க வேண்டும் என்று மிஸ்ஸியிடம் முதலிலேயே காதில் போட்டு வை, அவர்களே "அம்மா நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்பார்கள். அவர்கள் சொன்னால் அம்மா கோபப்பட மாட்டார், நீ சொன்னால்தான் வம்பு.

ஆய்வு_மிஸ்ஸி

அக்கா சொன்னதேதான், தினமும் செய்கிற வேலை எங்களுக்கு. பதில் சொல்ல விரும்பாத கேள்வியை விட்டுவிடவும் உரிமை உண்டு, காலியாக விட்ட கட்டம் பொய்யாக நிரப்பிய கட்டத்தைவிட ஆய்வுக்கு நல்லது. ஆனால் அந்தப் பக்கத்தை வம்புக்காகக் கேட்பதில்லை. கருப்பைக்குப் பின்னால், குடலுக்குப் பக்கத்தில் ஆழமாகப் பரவியிருந்தால் அந்த வலி ஒரு முக்கியத் தடயம். பல நாடுகளிலும் ஒரே மாதிரிக் கேட்டால்தான் ஒப்பிட முடியும் என்று 2014இலேயே ஒரு பொதுக் கேள்வித்தாளை உருவாக்கினார்கள், உங்கள் கையில் இருப்பது அநேகமாக அந்த வகைதான், அதனால்தான் அவ்வளவு நீளம். ஆய்வில் எழுதாவிட்டாலும் ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், அது உங்கள் சிகிச்சைக்கே தேவை.

தமிழில் காகிதம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் மலாய்ப் பிரதியை வைத்து வாய்மொழியாகத் தமிழில் விளக்கச் சொல்லலாம். சேர்கிறவருக்கே படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆயாக்கொட்டகை

என் மகள்தான் தட்டிக் கொடுக்கிறாள், எனக்கு இதெல்லாம் வராது. நான் தோட்டத்தில் ஆயாவாக இருந்து பிள்ளை பார்த்தவள். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நிற்கும்போதே சில பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) தெரியக்கூடாதென்று முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். தோட்டத்து மருந்தகத்து டிரெசரிடம் போனால் ஒரு வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான். பிள்ளை இல்லாதவளை என்னென்னவோ சொன்னோம், நானும் சொல்லியிருக்கிறேன். அதில் எத்தனை பேருக்கு இந்த நோவு இருந்ததோ. உன் அம்மாவுக்கும் இருந்ததா என்று கேட்டுப் பார் கண்ணு. அந்தக் காகிதத்தில் அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்கிறார்களாமே.

சிப்புட்_கிராணி

ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஆயா சொன்னபடி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து முதல் கட்டை ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்ற இடம் வந்ததும் கீரை ஆய்வது நின்றது. அம்மாவுக்கு இருந்திருக்கிறது. மரம் வெட்டப் போகும்போது வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு, 400 மரம் முடித்துவிட்டு வந்து படுப்பாராம். எனக்குப் பிறகு பிள்ளை நிற்காததற்கும் இதுதான் காரணமோ என்று அவரே கேட்டார், நான் என்ன சொல்ல. சின்னம்மாவுக்கும் உண்டாம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எங்களுக்குள் இந்தப் பேச்சு வந்ததே இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா கேட்ட கேள்வி, "எடுத்த சதையை எங்க வைப்பாங்க?" மைனஸ் 80 டிகிரி பெட்டியில் என்று காகிதத்தில் இருப்பதைச் சொன்னேன். மீன் கடை ஐஸ்பெட்டி எத்தனை டிகிரி என்று கேட்டார். தேடிப் பார்த்து மைனஸ் 18 என்றேன். சரி, கெட்டுப்போகாது என்றார். சம்மதம்தான் போலிருக்கிறது.

முதல் கட்டுக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன். முடிவை எப்படித் தெரிவிப்பீர்கள் என்று இன்று காலை போனில் கேட்டேன், ஆய்வு முடிந்ததும் சுருக்கம் ஒன்றை மெயிலில் அனுப்புவோம் என்றார்கள், அதைப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், ரப்பர் விதை அக்காவுக்காக. கேள்வித்தாளைத் தனியாகத்தான் எடுப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். மாத்திரை ஆய்வுக்கு இப்போது இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வலி எப்படி என்று பார்த்துவிட்டு மறுபடி இங்கே வந்து கேட்கிறேன்.

ரப்பர்_விதை

எழுதித் தந்தார்களா இல்லையா என்று வந்து சொல்லணும், மறக்காதே. அம்மாவும் ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாமே? வயது அதிகம் என்றால் வலி நின்றிருக்கும், ஆனாலும்.

சிப்புட்_கிராணி

அம்மாவுக்கு 56, மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. சொன்னேன், "இனி பார்த்து என்ன" என்கிறார். விடமாட்டேன்.

ஒரு சின்ன உதவி. காலை ஏழு மணிக்கே வார்டில் இருக்க வேண்டுமாம். சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் பிடித்தாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு வண்டியும் இல்லை. முந்தின இரவே போய்த் தங்க வேண்டும். கே.எல். சென்ட்ரல் பக்கம் மலிவாக, சுத்தமாக இடம் தெரியுமா? மாடிப்படி கூடாது, அம்மாவுக்கு முட்டி வலி.

கம்பார்_அக்கா

என் தங்கச்சி பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள், லிஃப்ட் உண்டு. தனி மெசேஜ் பார்.